முலான் றூஜின் கதையைத் தமிழில் அச்சேற்ற உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

லாச்சப்பலில் இரண்டாம் இலக்க மெற்றோவில் ஏறினால் நான்காவது தரிப்பு பிளான்ஷ். படியேறி வெளியே வந்தால் முலான் றூஜ் என்ற கேபரே நடன அரங்கின் சிவப்புக் காற்றாலை. ஊரிலிருந்து வரும் உறவினரை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுக்காத பாரிஸ் தமிழர் குறைவு. உள்ளே ஆடியவர்கள் யார், அந்த அரங்கு எப்படி வந்தது என்று அவர்கள் கேட்டால்தான் திணறிப் போகிறோம். அதனால் அதன் வரலாற்றைப் படங்களோடு ஒரு தமிழ் நூலாகக் கொண்டுவர எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது.

ஐஃபிள் கோபுரம் திறந்த அதே 1889இல், அக்டோபர் 6ஆம் நாள், ஜோசப் ஒலேரும் ஷார்ல் சிட்லரும் இந்த அரங்கைத் தொடங்கினார்கள். தோட்டத்தில் பிரமாண்டமான யானை உருவம் ஒன்று நின்றது. பிரபுக்களும் அரங்கு இருக்கும் மொன்மார்த்தர் பகுதித் தொழிலாளரும் ஒரே கூரையின் கீழ் கூடினார்கள்.

அங்கே கான்கான் என்ற, காலை உயரத் தூக்கி ஆடும் துள்ளல் நடனத்தை ஆடிப் புகழின் உச்சிக்குப் போனவர் லா கூலு. இயற்பெயர் லூயிஸ் வெபர், சலவைத் தொழிலாளியின் மகள். 1891இல் ஓவியர் துலூஸ் லோத்ரெக் வரைந்த சுவரொட்டியைப் பாருங்கள்: புள்ளி போட்ட மேற்சட்டையோடு கால் தூக்கி நிற்பவர் அவர்தான். பின்னால் வேடிக்கை பார்க்கும் கூட்டம் வெறும் கறுப்பு நிழல். சில ஆண்டுகளில் அரங்கை விட்டு விலகிச் சொந்தமாகச் சந்தைகளில் ஆடினார், சிங்கங்களைப் பழக்கினார். கடைசிக் காலத்தில் அதே முலான் றூஜுக்கு அருகில் கடலை விற்று, 1929இல் காலமானார். இந்தப் பெண்ணின் கதைக்காகவே நூல் வர வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

1915இல் தீயில் எரிந்து, 1921இல் மீண்டும் திறந்து, பாடகிகள் மிஸ்தாங்கேத், எடித் பியாஃப் என்று பலரைக் கண்ட மேடை அது. 2024 ஏப்ரல் 25 அதிகாலை காற்றாலையின் இறக்கைகள் வீதியில் விழுந்தன; நல்லகாலம், யாருக்கும் காயமில்லை. ஜூலை 5ஆம் நாளே புதிய இறக்கைகள் ஏறிவிட்டன.

நமக்குக் கேபரே என்றால் சினிமாவில் வில்லனின் கூடாரத்தில் நடக்கும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது வருடக்கணக்கான பயிற்சி கேட்கும் தொழில். 1999இலிருந்து நடக்கும் 'ஃபேரி' காட்சிக்கு மட்டும் சுமார் ஆயிரம் உடைகள். இறகு கோப்பவர்கள், சப்பாத்து தைப்பவர்கள், மணி பதிப்பவர்கள் என்று திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு நூலில் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறோம்.

சரி, பணம் எதற்கு? எழுத்து வேலையை உறுப்பினர்கள் சம்பளமின்றிச் செய்கிறார்கள். லோத்ரெக் 1901இலேயே மறைந்துவிட்டதால் அவருடைய ஓவியங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. பிற்காலத்து நிழற்படங்கள் அப்படியல்ல, பெரும்பாலானவற்றுக்கு உரிமைத்தொகை கட்ட வேண்டும். வண்ண அச்சும் செலவு கூடியது. மலிவுத் தாளில் மங்கலாக அடித்துக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை. தாயகத்து நூலகங்களுக்குப் பிரதிகள் அனுப்பவும் செலவாகும்.

ஐந்து யூரோ தந்தாலும் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். ஒரு பக்கத்தின் அச்சுச் செலவைக் குடும்பமாகவோ நண்பர்களாகவோ சேர்ந்து ஏற்கலாம். பணத்தைக் குழுவின் பொருளாளரிடம் மட்டும் கொடுத்து, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வரவு செலவு முழுவதையும் வெளியீட்டு நாளன்று எல்லோர் முன்னிலையிலும் வாசிப்போம். பழைய நிகழ்ச்சிச் சீட்டுகள், அஞ்சலட்டைகள் வீட்டில் இருந்தால் அவற்றையும் இரவல் தாருங்கள். படியெடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழுவினர், பாரிஸ்