ஊருக்குப் போகும்போது ஒரு புத்தகம்: வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நூலகர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை கிளை நூலக மாடியில் நடந்தன. ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையில் நின்றுபோனது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே இந்த ஆண்டு உருப்படியாக நடந்த ஒன்றைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

கோடை விடுமுறைக்கு முன் ஒரு விதி போட்டோம். வெளியூர் போகிறவர் அந்த ஊரைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் படிக்க வேண்டும். திரும்பி வந்து பத்து நிமிடம் பேச வேண்டும். கதை முடிவைச் சொல்லக் கூடாது. முன்பெல்லாம் 'அருமையான புத்தகம், எல்லாரும் படிக்கணும்' என்பதோடு பரிந்துரை முடிந்துவிடும். ஒருவரும் படிக்கவும் மாட்டார்கள்.

அதிகம் பேசப்பட்டது 'எரியும் பனிக்காடு'. தேயிலைத் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்த பி. எச். டேனியல் எழுதி, 1969இல் ஆங்கிலத்தில் வெளியான நாவல். தமிழில் தந்தவர் இரா. முருகவேள். வால்பாறைக்குக் குடும்பத்தோடு போன நம் உறுப்பினர் அக்கா இதை எடுத்துப் போனார். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் புத்தகத்தைத் திறந்தாலே தலைசுற்றல். அறைக்குப் போய்த்தான் தொடங்கினாராம். மறுநாள் பிள்ளைகள் தேயிலைச் சரிவில் படம் எடுத்துக்கொண்டிருக்க, அட்டை கடித்த காலைத் தடவியபடி இவர் படித்தது, கருப்பனும் வள்ளியும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் பேச்சையும் முன்பணத்தையும் நம்பித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய கதையை. அப்புறம் மலேரியா, குளிர், அடைபடாத கடன். "மலை அழகாத்தான் இருக்கு, ஆனா ஒரு செடியைக்கூட சும்மா பார்க்க முடியல" என்றார். அன்று சாயங்காலம் டீ வந்தபோது மாடியில் பேச்சே இல்லை. நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி. அதற்கு இப்போது வரிசை.

தூத்துக்குடி போனவர் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிக'ளைப் பற்றிப் பேசினார். உப்பளத் தொழிலாளர்களின் கதை. வெயிலில் உப்பின் வெண்மை கண்ணைக் கூசுவதை ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர், அதிலேயே நாளெல்லாம் நிற்பவர்களைப் பற்றி அன்றிரவு படித்திருக்கிறார். மகன் வீட்டுக்குச் செகந்திராபாத் போன ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா, அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' பற்றிப் பேசினார். 1948இல் நிஜாம் ஆட்சி முடிந்ததை ஒரு ரயில்வே ஊழியர் மகனின் கண்ணால் பார்க்கும் நாவல். நன்றாகப் பேசினார். பத்து நிமிடம் என்ற விதி தலைமையாசிரியர்களுக்குப் பொருந்தாது போலிருக்கிறது.

பினாங்கு போன தம்பி ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைக் கொண்டுபோய், சுமத்ராவின் மேடான் நகருக்குள் ஜப்பானியப் படை நுழையும் தொடக்கத்தோடு மூடிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அது சுற்றுலாவில் இடையிடையே படிக்கும் புத்தகம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தொடர்ந்து படித்தால்தான் பிடிபடும். மாறாக, சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யை எந்தப் பக்கத்திலும் திறக்கலாம். தலைக்காவிரியோ பூம்புகாரோ, நாம் போகிற ஊர்ப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். பயணத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். 'எரியும் பனிக்காடு' இன்னும் ஒரு பிரதி வாங்கித் தர நூலகர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அப்புறம், கோடையில் எடுத்துப் போன நூலகப் புத்தகங்கள் சில இன்னும் பயணப் பைகளிலேயே இருக்கின்றன. பொங்கலுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்