விசாவுக்குப் பணம் வேண்டும், வந்தால் வரி

ஆசிரியருக்கு,

தாய்லாந்தில் வசிக்கும் வெளிநாட்டு ஓய்வூதியர்கள் அங்கே கொண்டுவரும் பணத்துக்கு வரி வருவது பற்றிய செய்தி படித்தேன். ஆறு வருடமாக சியாங் மாயில் இருப்பவன் நான்.

முன்பெல்லாம் வெளிநாட்டு வருமானத்தை அடுத்த வருடம் கொண்டுவந்தால் வரி இல்லை. 2024 ஜனவரி 1 முதல் அந்த வழி அடைபட்டது. வருடத்தில் 180 நாளோ அதற்கு மேலோ தங்குபவர் தாய்லாந்துக்குள் கொண்டுவரும் வருமானம் வரிக் கணக்கில் சேரும். 2024க்கு முன் ஈட்டியதற்கு விலக்கு உண்டு. சரி, பழைய சேமிப்பும் புதுப் பென்ஷனும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால் எப்படிப் பிரிப்பது?

பக்கத்து வீட்டு இங்கிலாந்துக்காரருக்கு 74 வயது. பத்து வருட வங்கி ஸ்டேட்மென்ட்டுகளை பிஸ்கட் டப்பாவில் அடுக்கிக்கொண்டு இரண்டு வரி ஆலோசகர்களிடம் போனார். ஒருவர் கட்ட வேண்டாம் என்றார், மற்றவர் கட்டியே ஆகணும் என்றார். இருவருக்கும் ஃபீஸ் மட்டும் கொடுத்தாயிற்று.

இதில் வேடிக்கை, ஓய்வுக்கால விசாவுக்கு மாதம் 65,000 பாட் வருமானமோ, வங்கியில் 8 லட்சம் பாட்டோ காட்ட வேண்டும். கொண்டுவராவிட்டால் விசா போச்சு, கொண்டுவந்தால் வரி பயம். மார்ச் இறுதிக்குள் கணக்கு தாக்கல் செய்யச் சொல்லும் வரித்துறையினர், எதைக் காட்டினால் பழைய சேமிப்பு என்று ஏற்பார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தரக்கூடாதா?

ஒரு வாசகர், சியாங் மாய்