தேனீ வளர்ப்பும் ரே பிராட்பரியும்

லொஸ் ஏஞ்சலஸ்
24 ஜூன் 2009

அன்பின் மச்சான்,

நான் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை முடிந்ததா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தாய். இரண்டு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். அதைப்பற்றி இந்தக் கடிதத்திலும் எழுதப் போவதில்லை. இது எப்போது வந்து சேருமோ, எத்தனை கை மாறி வந்து சேருமோ.

இது வேறு விஷயம். போன சனிக்கிழமை நான் ரே பிராட்பரியைப் பார்த்தேன்.

ஓம், அவரேதான். ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலை எழுதிய மனிதர். நீ இப்போது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பாய் என்று தெரியும். துடைத்துவிட்டு வா.

இங்கே வென்சுரா என்று ஒரு கரையோர ஊர் இருக்கிறது. வீட்டிலிருந்து வடமேற்கே கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். அங்கே எச்.பி. ரைட் நூலகம் என்று சின்னதாக ஒன்று. அதை மூடப் போகிறார்களாம். வீட்டு விலை விழுந்ததோடு சொத்துவரி வருமானமும் விழுந்துவிட்டது, நூலகத்துக்குக் காசில்லை. 2,80,000 டொலர் சேர்த்தால்தான் தப்பும். அந்தக் காசு சேர்க்கும் கூட்டத்துக்குத்தான் பிராட்பரி பேச வந்தார். ஒரு நூலகத்தை மூடுவதென்றால் இங்கே கூட்டம் போட்டுக் கணக்குக் காட்டித் தவணை கொடுக்கிறார்கள் மச்சான். யாழ்ப்பாணத்தில் எங்கள் நூலகத்தை எரிக்க ஒரு இரவு போதுமாக இருந்தது.

மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு விருப்பமில்லை. ‘அப்பா, அவர் இன்னும் உயிரோடா இருக்கிறார்?’ என்று கேட்டாள். வருகிற ஓகஸ்டில் 89 வயது. பத்து வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். வெள்ளைத் தலை, தடித்த கண்ணாடி, பருத்த உடம்பு. தள்ளிக்கொண்டு வந்து மேடையில் விட்டபோது எனக்கு அந்தரமாக இருந்தது, இந்த மனிதரை ஏன் இழுத்து அலைக்கழிக்கிறார்கள் என்று. வாயைத் திறந்த பிறகு அந்த நினைப்புப் போய்விட்டது. எங்கள் நாடகக்காரர் ஒலிவாங்கி இல்லாமல் முற்றவெளியின் மறுகரைக்குக் கேட்கப் பேசுவார்களே, அந்த வகை.

சொன்னது பெரும்பாலும் அவர் எத்தனையோ இடங்களில் சொல்லிப் பழகிய கதைகள்தான். நான் முன்பே வாசித்தவை. ஆனாலும் அவர் வாயால் கேட்கும்போது புதுக்கதை. 1938இல் பள்ளிக்கூடம் முடித்தபோது வீட்டில் காசில்லை, கம்பஸ் போக வழியில்லை. அதனால் வாரத்தில் மூன்று நாள் நூலகத்துக்குப் போனாராம், பத்து வருடம். அதுதான் அவருடைய பட்டம். கம்பஸில் நம்பிக்கை இல்லை, நூலகத்தில்தான் நம்பிக்கை என்று சொல்வார். நீ ஒரு வாத்தியார், உனக்குக் கோபம் வரலாம். கம்பஸ் அனுமதித் தரப்படுத்தலில் அடிபட்ட எங்கள் தலைமுறைக்கு வராது.

அப்புறம் அந்தத் தட்டச்சுக் கதை. வீட்டில் குழந்தைகள் சத்தம், வாடகைக்கு அறை எடுக்கக் காசில்லை. யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் பவல் நூலகத்து நிலக்கீழ் அறையில் காசு போட்டால் ஓடும் தட்டச்சு இயந்திரங்கள் இருந்தன, அரை மணித்தியாலத்துக்குப் பத்துச் சதம். ‘ஃபாரன்ஹீட் 451’இன் முதல் வடிவத்தை அங்கேதான் ஒன்பது நாளில் அடித்தாராம். செலவு 9 டொலர் 80 சதம். நான் அங்கேயே கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 49 மணித்தியாலம். நடுவில் மேற்கோள் தேவைப்பட்டால் மேல்மாடிக்கு ஓடிப்போய் ஏதாவது ஒரு புத்தகத்தை உருவிப் பார்த்துவிட்டு இறங்கி வருவாராம். புத்தகம் எரிக்கிற கதையை, காசு தீர்ந்துவிடுமே என்ற அவசரத்தில், நூலகத்துக்குள் இருந்தே எழுதியிருக்கிறார்.

இந்த மனிதர் லொஸ் ஏஞ்சலஸில் இத்தனை வருடம் இருந்தும் கார் ஓடப் பழகவே இல்லை, தெரியுமா? இந்த ஊரில் அது செவ்வாய்க்கிரகத்தில் குடியிருப்பதைவிடக் கடினம்.

எனக்கு ஒத்துவராத இடமும் ஒன்று இருக்கிறது. அந்தப் புத்தகம் அரசாங்கம் புத்தகத்தைத் தடைசெய்வது பற்றியதல்ல, தொலைக்காட்சி வந்து சனங்களின் வாசிப்பைத் தின்றுவிடுவதைப் பற்றியது என்று இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பேட்டியில் அடித்துச் சொல்லியிருந்தார். இணையத்திலும் அவருக்கு அதே கோபம்தான். எழுதியவர் அவர், சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நீயும் நானும் அதை வாசித்தது 1982இல். எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் தொலைக்காட்சி இருந்தது? கொழும்பு மருதானை நடைபாதையில் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சுப்பிரமணியம் பூங்கா வாங்கில் இருந்து வாசித்தோம். தலையை நிமிர்த்தினால் எதிரே கூரையில்லாத கட்டடம், கரி பிடித்த யன்னல்கள். தீயணைப்புக்காரரே வந்து புத்தகத்தைக் கொளுத்துகிற கதையில் எங்களுக்கு விஞ்ஞானப் புனைவு எங்கே இருந்தது? நீ மட்டும் முதல் பக்கத்திலேயே, புத்தகத்தாள் தீப்பிடிக்கும் வெப்பம் என்று போட்டிருந்த 451 பரனைற்றை 233 சென்ரிகிரேட் ஆக்கிவிட்டு, ‘அவ்வளவுதானா, நான் இன்னும் கூட இருக்கும் என்று நினைத்தேன்’ என்றாய்.

நூலகம் எரிந்த அந்தக் காலை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். 97,000 புத்தகம் என்று பிறகு எல்லோரும் எழுதினார்கள். எனக்கு எண்ணிக்கை மனதில் நிற்பதில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றபோது உன் சேட்டில் ஒட்டியிருந்த சாம்பலை நான் தட்டிவிடப் போக, நீ ‘விடு’ என்றாயே, அதுதான் நிற்கிறது.

கடைசிப் பகுதியில் ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு காட்டுக்குள் திரிகிற மனிதர் வருவார்கள் அல்லவா? அதை வாசித்து முடித்த அன்று நாங்கள் விளையாடிய விளையாட்டை மகளுக்குக் காரில் வரும்போது சொன்னேன். யார் யார் எந்தப் புத்தகம் என்று. உன் அப்பா கம்பராமாயணம், அதில் சண்டை இல்லை. தமிழ் வாத்தியார் நன்னூல். உன் பெரியம்மா வாக்கிய பஞ்சாங்கம். நான் பெருமைக்குத் திருக்குறள் என்றேன், எழுபது குறளுக்கு மேல் ஓடவில்லை. நீ சொன்னாய், ‘எனக்கு வேறு வழியில்லை, நான் தேனீ வளர்ப்பு.’

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பேந்து ஏன் தேனீ என்று கேட்டாள். அந்தக் கதையை இதுவரை அவளுக்குச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உன் நூலக அட்டையில் எடுக்க இடமில்லாமல் என் அட்டையில் நீ எடுத்த புத்தகம். வாசிக்க அல்ல, எதிர் மேசையில் இருந்த ஆள் பார்க்கிறாள் என்று கையில் ஏதாவது இருக்கட்டுமென்று எடுத்தது. பதிந்தாகிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோனாய். 1981 மே 31 இரவு அது உன் வீட்டு மாடத்தில் கிடந்தது. ஓலைச்சுவடியும் போய், பழைய பத்திரிகையும் போய், தப்பியது தேனீ. பிறகு நீ அதை உண்மையிலேயே மனப்பாடம் செய்தாய். இராணித் தேனீயை அடையாளம் காண்பது எப்படி என்று இரவு இரண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். ஒரு தேனீகூட நீ வளர்க்கவில்லை.

இதைத்தான் மச்சான் அவருக்குச் சொல்ல நினைத்தேன். 27 வருடமாக மனதுக்குள் இங்கிலீசில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். உங்கள் புத்தகம் கற்பனையல்ல, அது எங்கள் ஊரில் நடந்தது, நாங்கள் அதை எதிரே இருந்து வாசித்தோம், என் சிநேகிதன் தேனீ வளர்ப்பு. நாலு வசனம். கூட்டம் முடிந்து அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது சனம் சுற்றிக்கொண்டது. நானும் அந்த மருதானைப் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். அட்டை போய், முதுகில் நீ ஒட்டிய மாட்டுத்தாள் மட்டும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியது, அவருடையதும் என்னுடையதும். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் ‘தேங்க் யூ சேர்’ என்றேன். அவ்வளவுதான். பின்னால் நின்ற பெண் தன் புத்தகத்தை நீட்டிவிட்டாள்.

‘ஏன் அப்பா சொல்லவில்லை?’ என்று மகள் வழியெல்லாம் கேட்டாள். வயதுபோன மனிதர், காதும் அவ்வளவு கேட்காது, சந்தோஷமாக வந்தவரிடம் போய் எப்படி என்று ஏதோ சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. இந்த வருடம் அந்த வசனங்களைத் தொடங்கினால் 1981இல் நிறுத்த என்னால் முடிந்திருக்காது.

அந்தப் புத்தகத்தை உனக்கு அனுப்பட்டுமா, அல்லது ஊருக்குப் பாதை திறந்த பிறகு நானே கொண்டுவரட்டுமா? தபாலில் போட எனக்குத் துணிவில்லை.

இன்னொன்று. நூலகத்தைத் திரும்பக் கட்டித் திறந்த பிறகு நீ அடிக்கடி போய் வருவதாக எழுதியிருந்தாய். தேனீ வளர்ப்பைத் திருப்பிக் கொடுத்தாயா? இல்லையென்றால் கொண்டுபோய்க் கொடு. உனக்குத்தான் பாடமாயிற்றே. தண்டம் எவ்வளவு வரும் என்று கேட்டு எழுது. அட்டை என்னுடையது, காசை நான் அனுப்புகிறேன்.

அம்மாவின் கண்ணைப் பற்றி மறக்காமல் எழுது.

உன்
மச்சான்