குஞ்சு விட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் ட்ரவுட் மீன் கட்டுரையில் ஒரு வரி: 'பண்ணைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டால் ஆறு பழையபடி ஆகிவிடும்.' அடேயப்பா, எவ்வளவு சுலபம்!

தங்களுக்குத் தெரியாததல்ல. கிருமியின் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்தி, நோயை எதிர்க்கும் டி-செல்களுக்குக் காட்டுபவை எம்.எச்.சி. புரதங்கள். ஒரு வடிவம் பிடிக்கும் துண்டை இன்னொன்று பிடிக்காமல் போகலாம். அதனால்தான் மீன் கூட்டத்தில் இந்தப் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களுக்குப் பல வடிவங்கள் வேண்டும். நாலைந்து ஜோடிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குஞ்சு எடுக்கலாம். அந்த ஜோடிகளிடம் இல்லாத வடிவம் எங்கிருந்து வரும்?

பண்ணையில் வேலை பார்த்தவன் நான். ஒரே தாய் மீனின் குஞ்சுகள் இருந்த தொட்டியில் சில, தீனியைக் கண்டுகொள்ளாமல் ஓரமாக ஒதுங்கின. உடம்பு கறுத்தது. அப்புறம் வலையால் அள்ளி அள்ளிக் கொட்டினோம். பக்கத்துத் தொட்டிக்கும் அதே தண்ணீர்தான். பல ஜோடிகளின் குஞ்சுகள் கலந்திருந்த அங்கே கொஞ்சம் செத்தன, மற்றவை வழக்கம்போலத் தீனிக்கு முண்டியடித்தன. இதை மேலதிகாரியிடம் சொன்னதற்கு, "கணக்கு குறையாமல் வேறு குஞ்சு போடுங்கள்" என்றார். உங்கள் கட்டுரையாளருக்கும் அவருக்கும் நன்றாக ஒத்துப்போகும்.

இது முதல் தடவையும் அல்ல. மனிதர்களைப் போலவே ட்ரவுட்டிலும் எம்.எச்.சி. மரபணுக்களின் முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே குரோமோசோமில் இருப்பதாக முன்பொரு முறை எழுதினீர்கள். மனிதரில் இரண்டும் 6-ஆம் குரோமோசோமில்தான். ட்ரவுட்டில் வெவ்வேறு குரோமோசோம்களில். எழுதி அனுப்பினேன். பாராட்டிய முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். மிக்க நன்றி.

1890களில் ஜெர்மனியில் கண்டறியப்பட்ட, ஒட்டுண்ணியால் வரும் சுழல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட் அதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். வட அமெரிக்காவின் வானவில் ட்ரவுட் குஞ்சுகள் வாலைத் துரத்துவதுபோலச் சுழன்று சாகும். ஆனால் ஜெர்மன் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக அந்த ஒட்டுண்ணியோடு வளர்ந்த வானவில் ட்ரவுட் வம்சம் ஒன்று தாக்குப்பிடிக்கிறது. அது எம்.எச்.சி.யால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே இனத்துக்குள்ளேயே வம்சத்துக்கு வம்சம் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, எந்தக் குஞ்சானால் என்ன என்று எப்படி எழுத முடிகிறது?

திருத்தம் போட இடம் இருக்காது, புரிகிறது. 'வானவில் ட்ரவுட்' என்று அச்சிட்ட படத்தில் வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகளோடு இருப்பது பழுப்பு ட்ரவுட். அந்தப் பெயரையாவது அடுத்த இதழில் மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்