ஏரல் வண்டி வேண்டாம், எய்யா

எய்யா,

வாழை இலை ஏற்ற நாம் வாங்க நினைத்த ஏரல் வண்டி என்ன ஆச்சு என்று நேற்று ராத்திரி நீ போனில் கேட்டபோது “பாத்துக்கிட்டு இருக்கோம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உங்கப்பா பக்கத்திலேயே நின்றார், அதுதான். இதை நோட்டுத்தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். ஆற அமரப் படி. பணம் இப்போது அனுப்பாதே.

ஞாயிற்றுக்கிழமை ஏரலுக்குப் போய் அந்த பொலேரோ பிக்கப்பைப் பார்த்துவிட்டு வந்தோம். நான், உங்கப்பா, நாங்குநேரி மெக்கானிக் மாமா. நீ ஷார்ஜாவில் படத்தில் பார்த்ததைவிட நேரில் இன்னும் மினுமினுப்பு. 2017 மாடல், மீட்டர் 86,000 காட்டுகிறது, 4,80,000 சொல்கிறார்கள். உங்கப்பா வாசலிலேயே மனசுக்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா?

மாமா பானெட்டைத் தூக்கியதும் முதலில் எஞ்சின்மேல் கையைத்தான் வைத்தார். கொதித்தது. “நாங்க வாறதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருக்கீரே” என்றார். புரோக்கர் சிரித்து மழுப்பினார். டீசல் எஞ்சின் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த பிறகு ஒரே சாவியில் எடுக்கிறதா, எடுத்ததும் என்ன நிறத்தில் புகை தள்ளுகிறது, அதில்தான் பாதி உண்மை இருக்கிறதாம். சூடாக்கி வைத்துவிட்டால் அது தெரியாது.

பிறகு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாய்மேலேயே வைத்தார். சோறு கொதிக்கும்போது உலைமூடி ஆடுமே, அதைப்போல் தடதடவென்று ஆடிக் கீழே விழுந்தது. உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கீழே இறங்குகிறது என்றார். பிரேக் மிதியின் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தது. 86,000 ஓடிய வண்டிக்கு இந்த வயசு எப்படி வந்தது? மீட்டரைத் திருப்பியிருப்பார்கள் என்று மாமா என் காதில் மட்டும் சொன்னார்.

அதோடு போயிருந்தாலாவது விலையைக் குறைத்துப் பேசலாம். ஆம்பளைகள் மூன்று பேரும் முன்னால் குனிந்து நிற்க, வெயிலுக்காக நான் கேபினில் ஏறி உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். ஒரு முழம் வரைக்கும் புதுசு மாதிரி கருகருவென்று இருந்தது. கடைசிவரை இழுத்தபோது உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் பட்டையாக ஒரு மண் கறை. நகத்தால் சுரண்டினேன், மாவு மாதிரி உதிர்ந்தது. அந்த மண்ணை எனக்குத் தெரியும், எய்யா. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அப்போது ஸ்ரீவைகுண்டத்தில் உன் சித்தி வீட்டைக் கழுவ நான் நாலு நாள் போயிருந்தேன் இல்லையா? பீரோவின் உள் மூலையிலும் தையல் மிஷின் பெட்டியிலும் வழித்துப் போட்ட அதே வண்டல்.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கிற இரும்பில் டார்ச் அடித்தார், துரு. டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் சேர்கிற இடத்தில் பச்சையாகக் களிம்பு. “செங்கல் சூளைக்கு ஓடின வண்டிக்கா, தூசி” என்றார் புரோக்கர். செங்கல் தூசி சிவப்பு என்பதுகூடவா எனக்குத் தெரியாது? இந்த எஞ்சினுக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும், எப்போது என்பதையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டிதான் முடிவு செய்கிறதாம். தண்ணீர் குடித்த ஒயரோடு அது இன்றைக்கு ஓடும், நடுராத்திரி மூன்றடைப்பு ரோட்டில் நிற்கும். தண்ணீருக்குள் இருக்கும்போது யாராவது ஸ்டார்ட் வேறு செய்திருந்தால் கனெக்டிங் ராடே வளைந்திருக்கும் என்றார் மாமா. ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தால் செகண்ட் ஓனர் என்று சொன்ன வண்டிக்கு நாலாவது ஓனர். கடனும் இன்னும் அடையவில்லை, எச்.பி. என்று கடன் கொடுத்தவர் பெயர் அதில் அப்படியே நிற்கிறது.

சரி, இந்த வண்டி முடிந்தது. வண்டியே வேண்டுமா என்பதுதான் உனக்கு எழுத நினைத்தது.

திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்கு இலை ஏற்றி வாரம் மூன்று நடை போகிறோம். போகவர 90 கிலோமீட்டர் பக்கம், வாடகை 2,200. மாசத்துக்கு 13 நடை என்றால் 28,600. சொந்த வண்டி என்றால் ஒரு நடைக்கு டீசல் 700, டிரைவர் கூலி 600. நடைக்கு 900 மிச்சம், மாசம் 11,700. உங்கப்பா இந்த இடத்திலேயே கணக்கை நிறுத்திவிடுவார். நான் அடுத்த பக்கமும் எழுதினேன். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே வருஷத்துக்கு 16,000க்கு மேல். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, அதற்கு முன்னால் தகர வேலை, பெயின்ட். டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாசம் 5,500 ஆகிறது. நீ தருகிற இரண்டு லட்சம் போக மீதிக்குக் கடன் வாங்கினால், மூன்று வருஷத்துக்குத் தவணை மாசம் 9,800. ஆக 11,700 வரவு, 15,300 செலவு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, இலை நடை பாதிதான்.

அப்படியும் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. போன ஆவணியில் பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, அறுபது கட்டு இலை நனைத்துச் சாக்குப் போட்டு மூடி வைத்துக் காத்திருந்தோம். ஒரு மணிக்கு வருகிறேன் என்ற வாடகை வண்டிக்காரன் போனையே எடுக்கவில்லை. அவனுக்கு வேறு யாரோ கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது எட்டு மணி, நுனி இலை எல்லாம் பாதி விலை. அன்றைக்கு உங்கப்பா மார்க்கெட் திண்ணையில் டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். வண்டி ஆசை அன்றைக்குப் பிடித்ததுதான்.

உங்கப்பாவிடம் சரக்கு வண்டி ஓட்டுகிற பேட்ஜ் இல்லையே என்று கேட்டிருந்தாய். 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, அதில் தடை இல்லை. தடை கண்ணில். வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, எதிர் வெளிச்சம் பட்டால் கூசுகிறது என்கிறார். ராத்திரி ஒரு மணிக்கு நாலுவழிச்சாலையில் அவரை வண்டி ஓட்ட விட எனக்குத் தைரியம் இல்லை. ஆக டிரைவர் வேண்டும், டிரைவர் நிலைக்க வேண்டும் என்றால் வெளிச் சுமையும் ஓட்ட வேண்டும்.

அதனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அடுத்த வருஷம் ஊருக்கே வந்துவிடலாம் என்று உன் மனசில் இருக்கிறதா? இருந்தால் கணக்கு வேறு. பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஏத்தன் வாழைக்குலை வெட்டு சமயத்தில் வண்டிக்கு அலைகிறார்கள், வாரம் நாலு நடை வெளியே கிடைத்தாலே தவணை போய்விடும். நீ வராமல், அப்பா பாவம் என்று மட்டும் நினைத்து வாங்கித் தருவதாக இருந்தால் வேண்டாம். அந்த இரண்டு லட்சத்துக்கு ஏழு மாச இலை வாடகை ஓடிவிடும்.

வள்ளியூர் பக்கம் ஒரு 2018 வண்டி இருக்கிறது. அரிசி மில்லுக்கு ஓடியது, ஒரே ஓனர், 5,40,000 கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஆறு மணிக்கே போய் நிற்கலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார், முன்கூட்டிச் சொல்லாமல். புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வருகிற புது பி.எஸ்.6 வண்டி பார்க்கலாமே என்று நீ சொன்னதையும் கேட்டேன். அதில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கிறதாம், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நாலு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டே இருந்தால் அடைத்துக்கொள்ளுமாம். நம் ஓட்டம் பாதிக்குப் பாதி அதுதான். வள்ளியூரிலும் பெல்ட்டை நான்தான் இழுத்துப் பார்ப்பேன்.

உங்கப்பாவிடம் ஏரல் வண்டியைப் பற்றி நீயாக எதுவும் கேட்காதே, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணாடியில் ஒட்ட ‘சுடலை துணை’ என்று ஸ்டிக்கர் வாங்கி வந்து பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

அம்மா