‘பயமில்லாமல் சாப்பிடலாம்’ என்று எழுதலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு உடல்நலப் பக்கத்தில், ‘கல்லீரல் நோய் முற்றியவர்களும் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா), மினரல் மாத்திரைகளைப் பயமில்லாமல் சாப்பிடலாம்’ என்று ஒரு வரி. அந்தப் ‘பயமில்லாமல்’தான் என்னைத் தூங்கவிடவில்லை.

என் கணவருக்கு ஆறு வருடமாகச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிப்போகும் நோய். ஒரு சொட்டு குடித்தவரில்லை. சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து செய்த வேலை. கல்லீரல் என்றாலே நீங்கள் மது பாட்டில் படம் போடுகிறீர்கள். நலம் விசாரிக்க வரும் உறவினர்கூட அவரை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இதைப் பற்றி முன்பே எழுதினேன். நீங்கள் வெளியிடவில்லை.

அவர் தினமும் லாக்டுலோஸ் சிரப் குடித்து, இரண்டு மூன்று முறை வெளிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் குடலில் உண்டாகும் அம்மோனியா என்ற நஞ்சு ரத்தத்தில் ஏறி மூளையைக் குழப்பும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தத் தித்திப்பு அவருக்கு ஆகவே ஆகாது. போன வருடம் இதேபோல ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, ‘நல்ல பாக்டீரியா’ காப்ஸ்யூலே போதும் என்று எனக்குத் தெரியாமல் சிரப்பை நிறுத்திவிட்டார். நாலாம் நாள் காலையில் சட்டைப் பித்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே நின்றார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. சாயங்காலம் என்னைப் பார்த்து, “நீங்க யாரு?” என்றார். அப்புறம் ஐந்து நாள் ஐ.சி.யூ.

சண்டிகர் ஆய்வைக் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். சரி. 2014இல் வெளியான அந்த ஆய்வில் 130 சிரோசிஸ் நோயாளிகள். பாக்டீரியா தூளை ஆறு மாதம் மருத்துவர்கள் கண்காணிப்பில் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்தது. கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்கிச் சாப்பிடுவதும் அதுவும் ஒன்றா?

மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ரத்தத்தில் துத்தநாகம் குறைவு என்று பார்த்து மருத்துவரே ஜிங்க் எழுதிக்கொடுத்தார். அம்மோனியாவை உடம்பு அகற்ற அது வேண்டும். ஆனால் கொழுந்தனார் ஆசையாக வாங்கிவந்த மினரல் டப்பாவில் பொடி எழுத்தில் மாங்கனீசும் இருந்தது. பித்தத்தோடு வெளியேற வேண்டிய சத்து அது. கல்லீரல் கெட்டவர்களுக்கு மூளையில் போய்த் தங்கிவிடும் என்று மருத்துவர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முன்பு ஒருமுறை, இந்த நோய்க்குப் பருப்பும் முட்டையும் ஆகாது என்று எழுதினீர்கள். நம்பி, ஒரு வருடம் வெறும் ரசஞ்சாதம் போட்டேன். வேட்டிக்குள் அவர் தொடை குச்சியாகிப் போனது. இப்போது மருத்துவர் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது புரதம் சாப்பிடச் சொல்கிறார், படுக்கும் முன் சிற்றுண்டியும் சேர்த்து. அந்த ஒரு வருடத்தை யாரிடம் போய்க் கேட்பேன்?

இருபது வருட வாசகி கேட்கிறேன். ‘டப்பாவை மருத்துவரிடம் காட்டாமல் சாப்பிடாதீர்கள், சிரப்பை நிறுத்தாதீர்கள்’ என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி போடுங்கள். இந்தக் கடிதம் வராவிட்டாலும் பரவாயில்லை.

– ஒரு வாசகி, மயிலாடுதுறை