கிளாரினெட் மவுத்பீஸ் வாங்கப் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம். மாமா விஷயம் நல்லபடியாக முடிந்தது. கிணற்றடி வேலை அப்படியே நிற்கிறது.

நாற்பது நாளாக ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரே வரி: "விலை குறைஞ்சதில் நல்ல மவுத்பீஸ் எதுப்பா?" நாலைந்து தடவை படித்துவிட்டேன். போன வருஷம் வரை நீ எதற்கும் விலை கேட்டவள் இல்லை. சரி, கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

பேர் தெரியாத மவுத்பீஸ் எதையும் எடுக்காதே. நாணல் ரீடு படியும் முகம் அதில் சமமாக இராது, உள்ளே அச்சுப் பிசிறு அப்படியே நிற்கும். குறைந்த விலையில் நம்பி எடுக்கக்கூடியது யமஹா 4சி. கெட்டி ரப்பரான எபோனைட் இல்லை, ஆனாலும் ஒன்று போலவே இன்னொன்றும் இருக்கும். அதன் முனைத் திறப்பு, அதாவது முனைக்கும் ரீடுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, 1.05 மி.மீ. வான்டோரன் கம்பெனியின் 5ஆர்வி லயரில் 1.095, அவர்களுடைய பி45-ல் 1.195. 4சி-க்கும் பி45-க்கும் உள்ள வித்தியாசம் நோட்டுத்தாள் இரண்டைச் சேர்த்துப் பிடித்த கனம்தான். வாய் அதை ஒரே ஊதலில் கண்டுபிடித்துவிடும்.

திறப்பு கூடினால் கமகத்துக்கு ரீடு நன்றாக வளையும். தோடி காந்தாரத்தை அசைக்க இடம் கிடைக்கும். ஆனால் காற்று அதிகம் கேட்கும், சுருதியில் நிறுத்த உதட்டுக்கும் வேலை கூடும். திறந்த முனைக்கு இளசான ரீடு, நெருங்கிய முனைக்குக் கெட்டியான ரீடு. உன்னிடம் இருப்பது 3 நம்பர். பி45 எடுத்தால் அது கனக்கும், 2½-க்கு இறங்க வேண்டி வரும். அப்புறம் பத்து ரீடுப் பெட்டி ஒன்று புதிதாக வாங்கணும். கையில் தட்டுப்பாடு என்றால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார். தட்டுப்பாடு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 5ஆர்வி லயர் என்றால் 3 நம்பரே போதும். என் மனசு அதில்தான். கிளாரினெட் வித்வான் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் ஐயா வழியில் வாய்ப்பாட்டு மாதிரி வாசிக்கணும் என்று பிடிவாதம் பிடித்தவள் நீ. உன் காம்போதியைக் கேட்டவர்கள் இன்னும் விசாரிக்கிறார்கள். பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்றும் அவர்கள்தான் கேட்டார்கள்.

கடைக்குப் போகும்போது, மவுத்பீஸைச் செருகும் பேரலைக் கையோடு எடுத்துப் போ. நம் வாத்தியம் பழசு, புது மவுத்பீஸ் அதில் சரியாக உட்காராமல் போகலாம். முதலில் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார். நகக்கண் அளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் கீச்சிடும். இரண்டு பக்க விளிம்பும் ஒரே அகலத்தில் ஓட வேண்டும். கடைக் கண்ணாடி மேசை மேல் ரீடு படியும் முகத்தை வைத்து விரலால் தட்டு, ஆடினால் வேண்டாம். பிறகு நனைத்த ரீடைக் கட்டி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்து, காற்றை உறிஞ்சி வாயை எடு. ரீடு ஒட்டி நின்று, ஒரு விநாடி கழித்து 'டப்' என்று விட வேண்டும். உடனே விட்டால் வேறு ரீடு போட்டுப் பார். அதுவும் நிற்காவிட்டால் மவுத்பீஸில்தான் கசிவு.

கடைசியாக ஊதிப் பார். மந்தர ஸ்தாயியில் மெல்லத் தொடங்கு, அதே விரலில் மேலே தாவு. தாவும் இடத்தில் தயங்கினால் கீழே வைத்துவிடு. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சரி.

பழசு வாங்காதே. எபோனைட் பச்சையோ பழுப்போ ஏறிக் கந்தக வாடை அடித்தால், வெயிலில் கிடந்தது அல்லது வெந்நீரில் கழுவியது. முகம் கோணியிருக்கவும் கூடும். நீயும் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். துணியை உள்ளே விட்டு இழுக்காதே, நாளாவட்டத்தில் உட்புறம் தேயும். பழசு வேண்டாம், திரும்பவும் சொல்கிறேன். சாப்பாட்டில் மிச்சம் பிடித்தும் வாங்க வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு.

மவுத்பீஸ் அடியில் சுற்றியிருக்கும் கார்க் பேரலில் இறுக்கமாக இருந்தால் கிரீஸ் தடவு. அப்புறமும் இறுகினால் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்து, கார்க்கை மட்டும் எல்லாப் பக்கமும் சமமாகத் தேய். முகத்தில் உப்புத்தாள் படவே கூடாது.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். உன் பழைய மவுத்பீஸின் முகத்தைத் தேய்த்தது நான்தான் பாப்பா. உன்னிடம் கொடுப்பதற்கு முன்னாலேயே அது கோணியிருந்தது. சரி பண்ணப் போய் வலது விளிம்பை இறக்கிவிட்டேன். புதிது வாங்கக் கையில் காசில்லை என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அது கீச்சிட்டபோதெல்லாம், "உதட்டை இறுக்காதே, உதட்டை இறுக்காதே" என்று எட்டு வருஷம் உன்னைத் திட்டினேன். உன் உதட்டில் ஒரு குறையும் இல்லை. தெரிந்தேதான் திட்டினேன்.

5ஆர்வி லயரே எடு. கடையில் நின்றுகொண்டு எனக்குப் போன் போடு, பணத்தை அங்கேயே அனுப்பிவிடுகிறேன். ராத்திரி எந்நேரமானாலும் போன் என் பக்கத்தில்தான் இருக்கும். பேரலை மறந்துவிடாதே.

அப்பா